ஒழுக்குத் தெரியாமல் குறையும் கூலன்ற்

காரின் எஞ்சினைச் சுற்றி ஓடி, எரிதலால் உண்டாகும் வெப்பத்தை வாங்கி, றேடியேற்றர் வழியாக வெளிக்காற்றில் விட்டுவரும் திரவம் கூலன்ற் எனப்படுகின்றது. எதிலீன் கிளைக்கோல் என்னும் சேர்மமும், தூய நீரும், அரிப்பைத் தடுக்கும் சேர்வைகளும் கலந்த இத்திரவம் மூடிய சுற்று ஒன்றுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவதால், பெற்றோலைப் போலச் செலவாகித் தீரும் இயல்பு அதற்கு இல்லை. இறப்பர்க் குழாய்களின் சுவரினூடாகப் பல மாதங்களில் வெளியேறும் மிகச் சிறிதளவை ஒதுக்கிவிட்டால், மாதந்தோறும் கூலன்ற் ஊற்றவேண்டியிருக்கும் எந்தக் காரும் பழுதுள்ள கார் என்றே கொள்ளப்பட வேண்டும்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, வந்தாறுமூலை, கிரான் போன்ற வயல்சார்ந்த ஊர்களில் இந்த அடிப்படை எளிதில் மறக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வூர்களின் பல வீடுகளுக்குக் காருக்கு முன்பே வந்துசேர்ந்த இயந்திரம், லாண்ட்மாஸ்டர் என்றே பேச்சில் வழங்கும் இருசக்கர உழவு இயந்திரமாகும். அதன் எஞ்சினுக்கு மேலே திறந்த நீர்த்தொட்டி அமைந்த வகைகளில், நீர் கொதித்து ஆவியாவதே குளிர்விக்கும் முறையாக இருப்பதால், உழவின் நடுவே வாய்க்கால் நீரை அள்ளி ஊற்றுவது அங்கே பழுதின் அறிகுறியன்று, அன்றாட வேலை. அதே பழக்கம் காரின் பொனட்டுக்குள்ளும் புகும்போது, குறைவது ஊற்றப்படுகின்றதே தவிர ஏன் குறைகின்றது என்ற கேள்வி எழுவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டதால், இலங்கையின் வீதிகளில் ஓடும் கார்களிற் பெரும்பகுதி வயதேறியவை. அவற்றின் எஞ்சினைக் காப்பாற்றுவதற்குச் செலவிடும் கவனம் வீண்போவதில்லை.

குறைவதை உறுதிசெய்தல்

திருத்தவேலைக்கு முன்னர், குறைவு உண்மையானதா என்பது தீர்மானிக்கப்பட வேண்டும். 5 லீற்றர் கூலன்ற் கொண்ட ஒரு சுற்று 30 பாகை செல்சியஸிலிருந்து 90 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிலீற்றர் வரை பெருக்கமடைகின்றது. அந்த மேலதிக அளவே றேடியேற்றருக்குப் பக்கத்திலுள்ள பிளாஸ்ரிக் போத்தலுக்குள், அதாவது சேமிப்புக் கலத்துக்குள், தள்ளப்பட்டு, எஞ்சின் ஆறியதும் மீண்டும் உள்ளே இழுக்கப்படுகின்றது. ஆகவே நேற்று மாலை சூட்டோடு பார்த்த மட்டத்தை இன்று காலை ஆறிய நிலையில் பார்த்த மட்டத்தோடு ஒப்பிட்டு, குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. இரவு முழுவதும் நின்ற கார், நகர்த்தப்படாத நிலையில், மட்டமான ஒரே இடத்தில், விடியற்காலையில் பார்க்கப்பட வேண்டும். போத்தலின் வெளிப்புறத்தில் அழியாத மையால் ஒரு கோடிட்டு, நாளும் ஓடிய கிலோமீற்றரும் ஒரு கொப்பியில் குறிக்கப்பட வேண்டும்.

போத்தலை மட்டும் பார்ப்பதும் போதாது. உள்ளிழுக்கும் வழி அடைபட்டிருந்தால் போத்தல் நிறைந்தே தெரியும். றேடியேற்றரோ பாதி வெறுமையாக இருக்கும். எனவே றேடியேற்றரில் மூடி உள்ள கார்களில், எஞ்சின் முற்றாக ஆறியபின் அம்மூடியையும் திறந்து, திரவம் வாய்விளிம்பு வரை நிற்கின்றதா என்று பார்த்தல் அவசியம். சூடான மூடியைத் திறப்பது எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் 100 பாகைக்கு மேற்பட்ட திரவம் ஒரேயடியாகக் கொதித்து முகத்தை நோக்கிச் சீறும்.

எப்போது குறைகின்றது

பெரும்பாலான கராஜ்களில் எங்கே ஒழுகுகின்றது என்ற கேள்வியே முதலில் கேட்கப்படுகின்றது. எப்போது குறைகின்றது என்பதை முதலில் அறிந்துகொண்டால் எங்கே என்பது பாதி தெரிந்துவிடும் என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. கூலன்ற் இழப்புக்கு மூன்று வேளைகள் உண்டு: எஞ்சின் பாரமிழுக்கும் வேளை, நிறுத்திய பின்வரும் சில நிமிடங்கள், ஆறிக்கிடக்கும் இரவு. சித்தாண்டியில் உள்ள ஒருவருக்கு இம்மூன்றையும் பிரித்தறியத் தேவையான வீதிகள் வாசலிலேயே அமைந்துள்ளன.

மட்டக்களப்பு–திருகோணமலை ஏ15 வீதி, மட்டக்களப்பு நகரம் வரையிலும், மறுபக்கம் வாழைச்சேனை வரையிலும் ஏற்றமின்றிச் செல்கின்றது. அந்த ஓட்டத்தின்போது மட்டம் நிலைத்து, நிறுத்தியபின் மட்டும் குறையுமாயின், சூட்டுத் தேக்கம் ஐயத்துக்குரியதாகின்றது. எஞ்சின் நின்றதும் வோட்டர் பம்பும் நின்றுவிடுவதால், உலோகத்தில் எஞ்சியுள்ள வெப்பம் ஓட்டமற்று நிற்கும் திரவத்துக்குள் இறங்கி, சில நிமிடங்களுக்கு வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஓட்டத்தின்போது இருந்ததைவிட உயர்த்திவிடுகின்றது. தளர்ந்த மூடியும், மயிரிழை வெடிப்புள்ள பிளாஸ்ரிக் தொட்டியும் அந்நேரத்திலேயே வாய்திறக்கும். வெளியேறும் சிறிதளவு திரவம் சூடான உலோகத்தில் பட்டு உலர்ந்துவிடுவதால் நிலத்தில் சொட்டு விழுவதில்லை. நகரிலிருந்து திரும்பியவுடன் பொனட்டைத் திறந்துவைத்து, கைவைக்காமல் ஐந்து நிமிடம் நின்று, சீறல் ஒலி கேட்கின்றதா, இனிப்பு வாடை வருகின்றதா என்று கவனிப்பது, செலவில்லாத சோதனைகளுள் மிகப் பயனுள்ளது.

இரவில் குறைவது வேறு வகை. உலோகமும் இறப்பரும் ஆறிச் சுருங்கும்போது, குழாயை இறுக்கும் கிளிப்பின் பிடி தளர்ந்து, விடியற்காலையில் சில சொட்டுகள் விழும். எஞ்சின் சூடேறியதும் அந்த ஒழுக்கு தானாகவே அடைபடும். பகல் பத்து மணிக்குக் கராஜுக்குக் கொண்டுபோகும் கார் அங்கே உலர்ந்து நிற்பதும், ஒழுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவதும் இதனாலேயே. பிரித்து விரித்த மட்டைப்பெட்டி ஒன்றை இரவில் எஞ்சினுக்கு நேர்கீழே போட்டுவைத்தால், காலையில் கறை விழுந்த இடம் ஒழுக்குள்ள பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பாரமிழுக்கும் வேளையைச் சோதிக்கச் செங்கலடி போதுமானது. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாக வரும் ஏ5 வீதி அங்கேதான் வந்து முடிகின்றது. மகாஓயா வரை எஞ்சினுக்கு அதிக வேலையில்லை. பிபிலையைக் கடந்து லுணுகலை, பசறை நோக்கி ஏறத் தொடங்கியபின் பாரம் கூடும். சமவெளியில் மாதக்கணக்கில் மட்டம் மாறாத கார் பதுளைக்கு ஒருமுறை போய்வந்ததும் அரை லீற்றர் குறைந்து நிற்குமாயின், றேடியேற்றர் உள்ளே அடைபட்டிருத்தல், விசிறி சரிவர ஓடாமை, சிலிண்டரில் எரிதலால் உண்டாகும் எரிவாயு கூலன்ற் சுற்றுக்குள் புகுதல் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பழுது இருப்பது தெரிந்த காரை, சோதனைக்காகவென்றே மலையேற்றுவது மட்டும் விரும்பத்தக்கதன்று.

வெளியே போகும் வழிகள்

மிக மலிவான உறுப்பிலிருந்தே தேடல் தொடங்க வேண்டும். அது றேடியேற்றர் மூடி. மூடி என்று அழைக்கப்பட்டாலும் அது இரண்டு வால்வுகளைக் கொண்ட கருவியாகும். ஒன்று அழுத்தத்தைத் தேக்கி, எல்லை மீறும்போது போத்தலுக்குள் திறந்துவிடுகின்றது. மற்றது, எஞ்சின் ஆறும்போது போத்தலிலிருந்து திரவத்தை உள்ளே விடுகின்றது. மூடியின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் 0.9, 1.1 போன்ற எண்கள் சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிலோகிராம் அழுத்தத்தில் முதலாவது வால்வு திறக்கும் என்பதைக் குறிக்கின்றன. வெளியில் 100 பாகையில் கொதிக்கும் நீர் இந்த அழுத்தங்களின்கீழ் ஏறத்தாழ 118 முதல் 122 பாகை வரை கொதிக்காமல் நிற்கும் என்பதால், வில் தளர்ந்த மூடியுள்ள காரில், வேறெந்தப் பழுதும் இல்லாதபோதும், திரவம் முன்கூட்டியே கொதித்துப் போத்தலை நிரப்பி வழிந்துபோகும். இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டால், ஆறிய காலையில் மேற்குழாய் உட்புறமாக ஒடுங்கிக் கிடக்கும். இறப்பர் விளிம்பு வெடித்திருந்தாலோ பொறித்த எண் தேய்ந்திருந்தாலோ, அதே எண்ணுள்ள புதிய மூடியை மாற்றிப் பார்ப்பதே சோதிப்பதைவிட மலிவு. கூடிய எண்ணுள்ள மூடியை இடுவது பழைய குழாய்களை வெடிக்கச் செய்யும்.

அடுத்து, வெளிச்சம் தேவை. கூலன்ற் உலர்ந்த இடத்தில் வெண்மையாகவோ, ரொயோட்டாவின் கூலன்ற் ஆயின் இளஞ்சிவப்பாகவோ, ஹொண்டாவினது ஆயின் நீலமாகவோ பொருக்குத் தங்கும். றேடியேற்றரின் அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்ரிக் தொட்டியும் மடித்துப் பிணைக்கப்பட்டுள்ள விளிம்பு, குழாய்களின் கிளிப்புகளை அடுத்த பகுதி, எஞ்சினின் பின்புறம் கண்ணுக்கு மறைந்தோடும் உலோகக் குழாய் ஆகியன ரோச் லைட்டோடும் சிறிய முகக்கண்ணாடியோடும் பார்க்கப்பட வேண்டியவை. வோட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளை, உள்முத்திரை தேயும்போது திரவத்தை வெளியேற்றி எச்சரிப்பதற்கென்றே வைக்கப்பட்டது. அத்துளைக்குக் கீழே பொருக்குப் படிந்திருந்தால், துளையை அடைக்காமல் பம்பையே மாற்ற வேண்டும்.

கண்ணுக்கு அகப்படாதபோது அழுத்தச் சோதனை செய்யப்படுகின்றது. மூடியின் இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுக்கு, அதற்கு மேற்படாமல், அழுத்தம் ஏற்றி, கால்மணி நேரம் முள் அசைகின்றதா என்று பார்ப்பதே அம்முறை. முள் இறங்கியும் வெளியே ஈரம் இல்லையாயின் திரவம் உள்ளே போகின்றது என்பது பொருள்.

உள்ளே என்பது எஞ்சினுக்குள் மட்டுமன்று. காருக்குள் வெப்பக்காற்றுத் தரும் ஹீற்றரின் சிறு றேடியேற்றர், முகப்புப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றது. மட்டக்களப்பில் ஹீற்றரைத் தேடுவோர் எவருமில்லை எனினும், பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் கூலன்ற் அதனூடாகவே சுற்றிவருகின்றது. அது ஒழுகினால் முன்னிருக்கையின் கால்விரிப்பு நனைந்து, கண்ணாடியில் எண்ணெய்ப்பிசுக்கான புகார் படியும். ஏசியின் வடிநீரோடு இது அடிக்கடி குழப்பப்படுகின்றது. மட்டக்களப்பு வாவிக்கரையின் ஈரக்காற்றில் ஏசி நிறைய நீரை வடிக்கும். காரின் கீழே சொட்டும் அந்நீர் நிறமும் மணமும் அற்றது, விரலில் வழுக்காது. நிறமிருந்து, வழுவழுத்து, இனிப்பு வாடை வீசினால் அது கூலன்ற். நாக்கில் வைத்துச் சோதிக்கும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். எதிலீன் கிளைக்கோல் நஞ்சு.

ஒழுக்கே இல்லாமலும் கூலன்ற் குறைவதுண்டு என்பதைப் பெரும்போக அறுவடைக் காலம் காட்டும். சூடடிப்பில் பறக்கும் பதரும், வீதியோரம் காயப்போட்ட நெல்லின் தூசும், ஏசியின் கண்டென்சருக்கும் அதன் பின்னால் உள்ள றேடியேற்றருக்கும் இடையே சேர்ந்து காற்றோட்டத்தை அடைக்கின்றன. முன்னாலிருந்து பார்க்கும்போது கண்டென்சர் சுத்தமாகத் தெரிந்தாலும், இரண்டுக்கும் நடுவே வைக்கோற்பொடி படலமாகப் படிந்திருக்கலாம். சூடு ஏற, அழுத்தம் ஏற, மூடி தன் வேலையைச் செய்து திரவத்தை வெளியேற்றும். மூடியை மாற்றினாலும் குறைவு நிற்காது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, வேகங்குறைந்த நீரால் கழுவுவதே முறை; உயர் அழுத்த நீர் மெல்லிய தகடுகளை மடக்கி அடைப்பை நிரந்தரமாக்கிவிடும். மாரியில் முந்தனை ஆறு பெருகித் தாழ்ந்த வீதிகளில் நீர் நிற்கும்போது ஓட்டப்பட்ட கார்களில் சேறும் இவ்வாறே படியும். அத்தகைய ஓட்டத்துக்குப் பின்னர் மின்விசிறி ஓடுகின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்குள் போகும் வழி

சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளொக்குக்கும் நடுவே எரிவாயு, எண்ணெய், கூலன்ற் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் காக்கும் மெல்லிய தகடு ஹெட் காஸ்கட் எனப்படும். அது எங்கே விட்டுக்கொடுக்கின்றது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும் என்பதால், எண்ணெய் பால்தேநீர் நிறமாகவில்லை, ஆகவே காஸ்கட் நல்லது என்ற வாதம் நிற்காது. கூலன்ற் வழிக்கும் சிலிண்டருக்கும் இடையில் மட்டும் ஓட்டை விழுந்தால் எண்ணெய் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். மறுபுறம், குறுந்தூரம் மட்டுமே ஓடும் காரில் எண்ணெய் மூடியின் அடியில் சிறிது வெண்பசை படிவது ஈரப்பதத்தாலும் நிகழும்; அளவுகோலில் எடுத்த எண்ணெயே நிறம் மாறியிருந்தால்தான் அஞ்ச வேண்டும்.

நம்பத்தக்க அறிகுறிகள் வேறு. காலையில் முதன்முதல் எஞ்சினை இயக்கி ஓரிரு நிமிடத்துக்குள், திரவம் சூடேறுவதற்கு முன்பே, மேற்குழாய் கல்லாக இறுகுமாயின், அந்த அழுத்தம் வெப்பத்தால் வந்ததன்று; எரிவாயுவால் வந்தது. இதை உறுதிப்படுத்த இரசாயனச் சோதனை உண்டு: நீல நிறத் திரவம் கொண்ட கண்ணாடிக் குழாயை றேடியேற்றர் வாயில் வைத்து, அங்கிருந்து எழும் காற்றை அதனூடாக இழுக்க, எரிவாயுவிலுள்ள காபனீரொட்சைட்டு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நிறம் மாறினால் முடிவு உறுதி. மாறாவிட்டால் எதுவும் உறுதியில்லை; பாரத்தின்கீழ் மட்டும் திறக்கும் வெடிப்பு, சும்மா ஓடும் எஞ்சினில் அகப்படாது.

மற்றொரு முறை மெதுவானது, ஆயினும் ஏமாற்றாதது. மாலையில் ஆறிய எஞ்சினில் அழுத்தம் ஏற்றி இரவு முழுவதும் விட்டு, காலையில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றியபின் எஞ்சினைச் சுழற்றினால், ஒழுகும் சிலிண்டரின் துளையிலிருந்து திரவம் தெறிக்கும். பிளக்குகளைக் கழற்றாமல் சுழற்றுவது பேராபத்து. திரவம் நசுங்காத பொருளாதலால் பிஸ்டனின் தண்டு வளைந்துபோகும். சிறு கமெராவைத் துளைவழியே செலுத்திப் பார்க்கும் வசதி இருப்பின், மற்றைய பிஸ்டன்கள் கரிபடிந்திருக்க ஒன்று மட்டும் நீராவியால் கழுவுண்டு பளிச்சிடுவது தெரியும்.

இந்த வகை மறைவான இழப்புக்கு உலகமெங்கும் திருத்துநர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு, 2009 முதல் 2015 வரையில் விற்பனையான மூன்றாம் தலைமுறை ரொயோட்டா பிரியஸ் ஆகும். இலங்கைக்கும் அது கணிசமாக வந்தது. அதன் 1.8 லீற்றர் எஞ்சினில், வெளியேறும் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் விடும் ஈஜிஆர் அமைப்பு உண்டு. எரிதலின் வெப்பத்தைத் தணிப்பது அதன் பணிகளுள் ஒன்று. அதன் குளிர்விப்பான் ஆண்டுகள் செல்லக் கரியால் அடைபட, சிலிண்டர்களின் வெப்பம் ஏறி, ஹெட் காஸ்கட் பலவீனமடைகின்றது என்பதே திருத்துநர்கள் பெரும்பாலும் கூறும் விளக்கம். இரவில் எஞ்சிய அழுத்தம் சில மில்லிலீற்றர் கூலன்றைச் சிலிண்டருக்குள் தள்ள, காலையில் முதலில் எஞ்சின் எழும்போது கார் சில விநாடிகள் உலுக்கிவிட்டுப் பின் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். சொட்டு இல்லை, புகை இல்லை, எண்ணெயும் தெளிவு. போத்தல் மட்டும் குறைகின்றது. இந்த உலுக்கலைப் பற்றரியின் பழுதென்றோ எஞ்சின் தாங்கியின் தேய்வென்றோ எண்ணி மாதங்கள் கடத்தப்படுவதே பெருஞ்செலவுக்கு வழிவகுக்கின்றது. காஸ்கட்டை மாற்றியும் ஈஜிஆர் குளிர்விப்பானைச் சுத்தம் செய்யாமல் விட்டால் மூலகாரணம் அப்படியே கிடக்கும்.

ஹைபிரிட் கார்களில் மேலும் ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. மின்மாற்றும் கருவியான இன்வேட்டருக்கென்று தனிப் போத்தலோடு தனியான கூலன்ற் சுற்று இருக்கின்றது. எந்தப் போத்தல் குறைகின்றது என்று பாராமல் எஞ்சினைப் பழிசொல்வது முறையன்று. செம்மஞ்சள் நிற உறையிட்ட மின்கம்பிகள் உள்ள பகுதியில் பயிற்சியற்றவர் கைவைக்கவும் கூடாது.

கிணற்று நீரும் மஞ்சள் தூளும்

குறைந்த கூலன்றுக்குப் பதிலாகக் கிணற்று நீர் ஊற்றும் வழக்கம், ஒரு பழுதுக்கு மேல் இன்னொரு பழுதை ஏற்றிவைக்கின்றது. வாவியை அண்டிய கிணறுகளிற் பலவற்றில், கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கச் சவர்த்தன்மை கூடுகின்றது. அந்நீரிலுள்ள குளோரைட்டு, அலுமினியத்தைக் காக்கும் மேற்படலத்தை ஊடறுத்து ஊசித்துளைகளைத் தோற்றுவிக்கும். நீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கல்சியம் உப்புகளோ வெப்பம் மிகுந்த இடத்திலேயே முதலிற் படிபவை என்பதால், சிலிண்டரைச் சூழ்ந்த வழிகளில் வெண்படிவமாக ஒட்டி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. ஜப்பானியக் கூலன்றுகள் பெரும்பாலும் பொசுபேற்று கலந்தவை. கடின நீரோடு சேரும்போது அந்தப் பொசுபேற்றும் வீழ்படிவாகி, காப்பதற்கென்று சேர்த்த பொருளே அடைப்பாக மாறுகின்றது. இந்த மண்ணில் உறையும் குளிர் இல்லாததால் கூலன்ற் தேவையில்லை என்று சொல்லப்படுவதுண்டு. உறையாமை அதன் ஒரு பயன் மட்டுமே, அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் மட்டக்களப்பின் வெயிலில்தான் கூடுதலாக வேண்டப்படுகின்றன. செறிந்த கூலன்றில் கலப்பதற்குப் பற்றரிக்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீர் ஏற்றது. பற்றரி அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவழியில் சூடேறி நிற்கும் காருக்கு வேறு வழியில்லாதபோது கிணற்று நீர் ஊற்றுவதில் தவறில்லை, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ஊற்றி, பின்னர் சுற்று முழுவதையும் கழுவிப் புதிய கூலன்ற் இடப்படுமாயின்.

பழைய சாரதிகள் றேடியேற்றரில் மஞ்சள் தூள் போட்டு ஒழுக்கை அடைத்ததும், கடைகளில் விற்கும் ஒழுக்கடைப்புத் திரவங்களும் ஒரே தத்துவத்தின்பாற்பட்டவை. அவை ஓட்டையை மட்டும் தேடிப்போவதில்லை. றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படியும். வீடு போய்ச்சேருவதற்கு அவை உதவலாம். திருத்தம் என்ற பெயருக்கு உரியவையல்ல.

திருத்திய பின்

ஹெட் கழற்றப்பட்டிருந்தால், அதன் அடித்தளம் நேர்விளிம்புக் கோலால் அளக்கப்பட்டதா என்று உரிமையாளர் கேட்டறிய வேண்டும். சூடேறிய அலுமினிய ஹெட் வளையும். சிறு கார்கள் பலவற்றில் ஏற்கத்தக்க வளைவு 0.05 மில்லிமீற்றர் அளவே என்பதால், கண்ணால் நேராகத் தெரிவது போதாது. அளக்காமல் புதிய காஸ்கட் இட்டுப் பூட்டப்பட்ட எஞ்சின் மீண்டும் கழற்றப்பட நேரிடும்.

நிரப்பும்போது சுற்றுக்குள் காற்று அகப்படாமல் இருக்க, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மூடியில்லாமல் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வாகிய தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்தோறும் ஊற்றிவருதல் வழக்கம். சில மாதிரிகளுக்குக் காற்று நீக்கும் தனித் திருகாணியும், ஹைபிரிட் கார்களுக்கு எஞ்சினை இடைவிடாது ஓடவைக்கும் பராமரிப்பு நிலையும் உண்டு. அகப்பட்ட சிறு குமிழிகள் வெளியேறுவதால் முதல் சில நாள்களில் மட்டம் சற்று இறங்குவது இயல்பே. முன்னர் தொடங்கிய கொப்பியை மேலும் இரண்டு வாரம் தொடர்ந்தால் அது புதிய ஒழுக்கா, வெளியேறும் காற்றா என்பது தெளிவாகும்.

வடித்தெடுத்த பழைய கூலன்றைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் மூடிய கலனில் சேர்த்து, அதை முறைப்படி அகற்றும் வசதியுள்ள வாகனச் சேவை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மீதமான புதிய கூலன்றும் சோடாப் போத்தலில் வைக்கப்படலாகாது. நிறமும் இனிப்பும் கொண்ட அத்திரவம் சிறுவருக்கும் வளர்ப்பு நாய்க்கும் குடிபானமாகவே தோன்றும், சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.